ஒரு சிட்டிகை மண்ணும் ஒரு பிள்ளையின் படிப்பும்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுக் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



 

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்துவிட்டார். ஒரு பைசா விடாமல் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒரு கடன் என் பேரில் இருக்கிறது. அதை உங்கள் முன்னால் சொல்லிவிட்டால்தான் எனக்கு மனம் ஆறும். சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் அவருடைய அத்தாவிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படிக்கும் ஒரு மாணவியின் மனு நம் அலுவலகத்துக்கு வந்தது. அத்தா குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் பயிரிடுபவர். இரண்டாம் ஆண்டுக் கட்டணமும், புராஜெக்ட் செலவும் கேட்டிருந்தார்கள். அந்த மனுவை நான்தான் படித்தேன். படித்துவிட்டு, "பிறகு பார்க்கலாம்" என்று மேல் ஓரத்தில் எழுதி, கட்டின் அடியில் வைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வரன் பேசுகிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. நிக்காஹ் ஆகிவிட்டால் படிப்பு நின்றுவிடும், அந்தப் பணத்தை ஓர் ஆண் பிள்ளையின் டிப்ளமோவுக்குக் கொடுக்கலாமே என்று நினைத்தேன். இன்னொன்று, புராஜெக்ட் தலைப்பு. வயல் மண்ணில் உள்ள பாக்டீரியாவை வளர்ப்பது என்று போட்டிருந்தது. கிருமியை அழிக்கத்தானே படிப்பார்கள், வளர்க்கவா படிப்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தேன். நானும் மதரஸாவில் ஓதியவன், கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவன். அறிவு தேடுவதன் சிறப்பைப் பற்றி இந்த மேடையில் எத்தனையோ தடவை பேசியவன். அப்படிப்பட்ட நான்தான் சிரித்தேன்.

கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்தது. நம்மிடமிருந்து பதில் போகவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா கையில் கிடந்த இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தார். அத்தா அதை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். அடகு என்றால் வட்டி. நம் மக்கள் வட்டியின் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் நம் பெரியவர்கள் இந்த அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். கட்டின் அடியில் நான் வைத்த ஒரு காகிதம் ஒரு குடும்பத்தை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது.

இது எனக்கு எப்படித் தெரிந்தது? ஒரு நாள் அஸருக்குப் பிறகு, கொடுத்த சான்றிதழ் நகல்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள அந்தப் பிள்ளை தன் அத்தாவோடு அலுவலகத்துக்கு வந்தது. நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். நிதி நிலைமை, விண்ணப்பங்கள் அதிகம் என்று ஏதேதோ சொன்னேன். பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை மாமா. ஆனா நான் என்ன படிக்கிறேன்னு நீங்க யாரும் ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே" என்றது.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "சரிம்மா, இப்பக் கேக்கிறேன், சொல்லு" என்றேன். மஃரிபு பாங்கு சொல்லும் வரை அந்தப் பிள்ளை பேசியது. பிறகு ஒரு நாள் அவர்கள் கல்லூரியில் பெற்றோருக்காக ஆய்வகத்தைத் திறந்து காட்டினார்கள். அத்தாவோடு நானும் போனேன். கேட்டதையும் பார்த்ததையும் என்னால் முடிந்த மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் மண் எடுப்பது. மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குள் உள்ள மண்ணைச் சுத்தமான பையில் எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் எடுத்தால் போதாது, வயலில் நாலைந்து இடத்தில் எடுத்துக் கலக்க வேண்டும். பிள்ளை தன் அத்தா பயிர் வைக்கும் வண்டல் வயலில் எடுத்தது, வேரோடு சில நெல் நாற்றையும் பிடுங்கிக்கொண்டது. வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், "படிச்ச பிள்ளை மண்ணைப் பொட்டலம் கட்டுது பார்" என்று கேலி பேசினார்களாம்.

அந்த மண்ணில் ஒரு கிராம், அதாவது ஒரு சிட்டிகை, எடுத்து ஒன்பது மில்லி கிருமி நீக்கிய தண்ணீரில் கலக்குகிறார்கள். அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து அடுத்த குழாயில் உள்ள ஒன்பது மில்லி தண்ணீரில் விடுகிறார்கள். அதிலிருந்து ஒரு மில்லி அடுத்த குழாயில். ஒவ்வொரு குழாயிலும் பத்து மடங்கு நீர்த்துப்போகும். ஐந்தாவது குழாய்க்கு வரும்போது லட்சம் மடங்கு. பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். எதுவும் மிச்சம் இருக்காது என்றுதான் நாம் நினைப்போம்.

அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு, 0.1 மில்லி, எடுத்துக் கண்ணாடித் தட்டில் உறைய வைத்திருக்கும் உணவின் மேல் தடவுகிறார்கள். தட்டைக் கவிழ்த்து, அளவான சூட்டில் இரண்டு மூன்று நாள் வைக்கிறார்கள். பிறகு திறந்து பார்த்தால் தட்டெங்கும் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கிறது. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, பால் ஏடு மாதிரி ஒன்று, சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் பெருகிப் பெருகி ஒரு புள்ளியாகியிருக்கிறது என்று கணக்கு. ஒரு தட்டில் 60 புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்த்த அளவைத் திருப்பிப் பெருக்கினால், நாம் முதலில் எடுத்த ஒரு சிட்டிகை மண்ணில் 6 கோடி. "இது தட்டுல வளர்றது மட்டும்தான் மாமா. நாங்க குடுக்கிற சாப்பாடு பிடிக்காம வளராதது இதைவிட ரொம்ப ரொம்ப அதிகம்" என்றது பிள்ளை. ஸுப்ஹானல்லாஹ்! நாம் காலில் ஒட்டியதைத் தட்டிவிட்டுப் போகிற மண்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. அந்தத் தட்டில் உறைய வைத்திருந்த பொருள் என்ன தெரியுமா? ரமலானில் நோன்பு திறக்க நீங்கள் பால் ஊற்றி, சீனி போட்டு, ரோஸ் கலர் சேர்த்துக் காய்ச்சி ஆற வைப்பீர்களே, அதே கடல்பாசி! ஆய்வகத்தில் அதை அகார் என்கிறார்கள். ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசிகளிலிருந்தும் அகார் எடுக்கப்படுகிறது.

இது சமையலறையிலிருந்து ஆய்வகத்துக்குப் போன கதையையும் அந்தப் பிள்ளைதான் சொன்னது. ஜெர்மனியில் ராபர்ட் கோச் என்ற பெரிய விஞ்ஞானி. அவருடைய ஆய்வகத்தில் கிருமி வளர்க்க, மாட்டெலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கோடை வெயிலில் அது உருகி ஓடும், சில கிருமிகள் அதையே கரைத்துத் தின்றுவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே தன் மனைவி ஃபேனியிடம், "நீ செய்கிற ஜெல்லி மட்டும் வெயிலில் எப்படி உருகாமல் நிற்கிறது?" என்று கேட்டார். ஜாவாத் தீவில் வாழ்ந்துவந்த ஒரு டச்சுக் குடும்பத்திடம் சிறு வயதில் கற்றுக்கொண்டதாகச் சொல்லி, அவர் காட்டியது இந்தக் கடல்பாசியைத்தான். நடந்தது 1881-ல். கொதிக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் போனால்தான் இது உருகும், 40 டிகிரி அளவுக்கு ஆறினால் உறைந்துவிடும். அன்று முதல் இன்று வரை உலகத்தில் எல்லா ஆய்வகத்திலும் இதுதான். 1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோச் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அகாரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

மறுபடி நம் பிள்ளையிடம் வருகிறேன். முதல் தடவை செய்தது வீணாகிவிட்டது. தட்டு முழுக்கப் பூஞ்சணம் படர்ந்து, பாக்டீரியாவே தெரியவில்லை. விளக்குச் சுடரின் பக்கத்தில் வைத்துத் தட்டைத் திறக்காமல் அவசரப்பட்டதுதான் காரணம் என்று கைடு சொன்னாராம். இரண்டாம் தடவை, நீர்த்தது போதவில்லை. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ண முடியவில்லை. மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. "ரெண்டு தடவை கெட்டுப்போனதையும் ரெக்கார்டு நோட்டுல எழுதிட்டியா?" என்று கேட்டேன். "எழுதணும் மாமா. கெட்டதை மறைச்சா நோட்டே பொய்யாயிடும்" என்றது. நான் "பிறகு பார்க்கலாம்" என்று எழுதிய காகிதம் அப்போது என் நினைவுக்கு வந்தது. இன்று அதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை செய்ததுதான் விவசாயிகள் கேட்க வேண்டியது. பயிருக்குத் தழைச்சத்து வேண்டும் என்று நாம் யூரியா மூட்டையை வாங்கிக் கொட்டுகிறோம். நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு தழைச்சத்துதான், நைட்ரஜன். ஆனால் நெல்லால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக் கொடுக்கச் சில பாக்டீரியாக்களை அல்லாஹ் படைத்திருக்கிறான். அதில் ஒன்று அசோஸ்பைரில்லம். புல், நெல் போன்றவற்றின் வேரோடு இது வாழ்வதை 1970-களில் பிரேசில் நாட்டில் யோஹன்னா டோபரெய்னர் என்ற பெண் விஞ்ஞானி விரிவாக ஆராய்ந்து உலகத்துக்குக் காட்டினார். அவர் குழுவினர் வகுத்த முறையில்தான் இந்தப் பிள்ளையும் செய்து பார்த்தது.

நெல் வேரைக் கழுவிச் சிறு துண்டாக நறுக்கி, தழைச்சத்தே இல்லாத, கூழ் மாதிரி இளக்கமான உணவில் போட்டு வைக்க வேண்டும். தழைச்சத்துக்குக் காற்றை நம்பி வாழத் தெரிந்த உயிர்தான் அதில் நன்றாக வளரும். அந்த உணவில் ஒரு சாயம் கலந்திருப்பார்கள். அசோஸ்பைரில்லம் வளர்ந்தால் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெள்ளையாக ஓர் ஏடு கட்டும், பச்சை நிறம் நீலமாக மாறும். பிள்ளை வைத்த குழாய்களில் சில நீலமாக மாறின. அத்தாவின் வயலில் பிடுங்கிய வேர் போட்ட குழாய். ஆய்வகத்தில் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு, அந்த மனுஷர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்ம வயலா இது?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஆர்வக்கோளாறில், "அப்போ இனிமே யூரியாவே வேண்டாமாம்மா?" என்றேன். பிள்ளை உடனே மறுத்தது. "ஒரு குழாய் நீலமாச்சுன்னு உரத்தை நிறுத்தச் சொல்ல முடியாது மாமா. இது ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். மண் பரிசோதனை செஞ்சு, வேளாண்மை அதிகாரிகிட்ட கேட்டுத்தான் குறைக்கணும்" என்றது. படிப்பு என்றால் இதுதான். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்வது.

ஆனால் ஒன்றைப் பிடிவாதமாகச் சொன்னது. நம் வேளாண்மை விரிவாக்க மையத்தில் 200 கிராம் பொட்டலமாக அசோஸ்பைரில்லம் கொடுக்கிறார்கள். நம்மில் பலர் அதை மானியத்தோடு வந்த பொடி என்று வாங்கி, தகரக் கொட்டகையில் உரமூட்டை மேலேயே போட்டுவிடுகிறோம். "அது பொடி இல்லை மாமா, உயிர். வெயில்ல வச்சா செத்துடும். ரசாயன உரத்தோடயோ பூச்சிமருந்தோடயோ கலந்தாலும் செத்துடும். தேதி முடிஞ்சாலும் பிரயோஜனம் இல்லை." நிழலில் வைத்திருந்து, நடவுக்கு முன்னால் எக்டேருக்கு ஐந்து பொட்டலம், அதாவது ஒரு கிலோ, 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் வரை நனைத்து நட வேண்டும். வயலில் போடுவதற்கு எக்டேருக்குப் பத்துப் பொட்டலத்தை 25 கிலோ மக்கிய தொழு உரம், 25 கிலோ மண்ணோடு கலந்து தூவ வேண்டும். இது நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நமக்கு மேற்கேயும் கிழக்கேயும் எத்தனை ஏக்கர் பயிராகிறது! 1922-லிருந்து ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம். அங்கே போய் ஒரு கேள்வி கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் போனதில்லை.

இனி நம் எல்லாருடைய வீட்டையும் தொட்ட ஒரு விஷயம். மேட்டூர் திறந்து, குடமுருட்டியில் தண்ணீர் வந்து, முதல் மழையில் உழவு ஓட்டும்போது மண்ணிலிருந்து ஒரு வாசனை கிளம்புமே, அது எங்கிருந்து வருகிறது? ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா உண்டாக்கும் ஒரு பொருளின் வாசனை அது என்கிறார்கள். தட்டில் சுண்ணாம்புத் தூள் மாதிரி வளர்ந்திருந்தது என்று சொன்னேனே, அந்த இனம். மூடியைத் திறந்தபோது ஆய்வகத்துக்குள் மழைக்கால வயல் வாசம் வந்தது.

அந்த இனத்திலிருந்துதான் காசநோய்க்கு முதல் மருந்து வந்தது. அதைக் கண்டெடுத்தவரும் ஒரு மாணவர்தான். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ், வயது 23. ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. திரும்பிப் போய் விவசாயம் பார்க்கலாம் என்றே மண்ணைப் பற்றிப் படிக்க வந்தவர். மாதம் 40 டாலர் உதவித்தொகையில் காலம் தள்ளினார். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன், மண் நுண்ணுயிர்களைப் பற்றி உலகறிந்த அறிஞர். காசநோய்க் கிருமியோடு வேலை செய்வது ஆபத்து என்பதால், ஷாட்ஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியாக வேலை செய்தார். நாம் பார்த்த அதே தட்டு, அதே நீர்த்தல், அதே புள்ளி எண்ணுதல். எரு போட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்று, கோழியின் தொண்டையிலிருந்து எடுத்ததில் ஒன்று என்று ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் கிடைத்தது. அது சுரந்த மருந்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயர். ஆண்டு 1943, அக்டோபர் மாதம். பெனிசிலினுக்கு அடங்காத காசநோய் இதற்கு அடங்கியது.

இந்தப் பேரைக் கேட்டால் நம் பெரியவர்களுக்கு ஊசி நினைவுக்கு வரும். காசம் என்றால் செங்கிப்பட்டி ஆஸ்பத்திரி என்று போய், நாள் தவறாமல் ஊசி போட்டு, தேறி வந்தவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். எல்லாரையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க இடம் ஏது? அதற்கும் விடை நம் மாநிலத்தில்தான் கிடைத்தது. 1956-ல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். வீட்டிலேயே இருந்து ஒழுங்காக மருந்து சாப்பிட்டால், ஆஸ்பத்திரியில் தங்கியவர்களைப் போலவே குணமாகிறது என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டினார்கள். நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை மக்களை வைத்தே அதை நிரூபித்தார்கள். இன்று காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரணமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். மிச்சம் இருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரையைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, அதுவும் அப்படித்தான். நோயையும் மருந்தையும் படைத்தவன் அல்லாஹ். மருந்தைக் கெடுக்காமல் வைத்திருப்பது நம் கடமை.

ஸ்ட்ரெப்டோமைசின் கதையில் எனக்கு உறைத்த இடம் ஒன்று உண்டு. 1944-ல் அந்தக் கண்டுபிடிப்பு வெளியானபோது கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. ஷாட்ஸ், எலிசபெத் பியூஜி, வாக்ஸ்மன். பியூஜியும் மாணவிதான், அதே ஆய்வகத்தில் வேலை செய்தவர். ஆனால் காப்புரிமை எழுதும்போது அவர் பெயரைச் சேர்க்கவில்லை. "நீ ஒரு நாள் கல்யாணம் ஆகிக் குடும்பம் நடத்தப் போகிறவள், உன் பெயர் அதில் இருப்பது அவ்வளவு முக்கியமில்லை" என்ற பொருளில் தன்னிடம் பேசினார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஷாட்ஸும் தன் உரிமைக்காக 1950-ல் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கூட்டுக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார். ஆனாலும் 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே கிடைத்தது.

கல்யாணம் ஆகப் போகிறவள்! அமெரிக்காவில் யாரோ சொன்ன அந்த வார்த்தையைத்தான், நம் ஊரில் நம் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என் மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு வரன் வந்தது உண்மைதான். படிப்பை முடித்த பிறகுதான் நிக்காஹ் என்று அத்தா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்துக் காத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், படிப்பும் முடிந்தது, நிக்காஹும் நம் பள்ளிவாசலில் நல்லபடியாக நடந்தது. இப்போது அந்தப் பிள்ளை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு மேலே படிக்க முயற்சி செய்கிறது. ஒன்றுக்கொன்று தடை என்று நினைத்தது நாம்தான்.

அடகில் இருந்த வளையலை மீட்டாகிவிட்டது. மீட்டது என் சொந்தப் பணத்தில், அறக்கட்டளைப் பணத்தில் அல்ல. பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்கில் தேடுவீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த அம்மா முதலில் வாங்க மறுத்தார். "நீங்க தர வேண்டியதில்லை தம்பி" என்றார். "தர வேண்டியதுதான் அக்கா, என்னால்தானே போனது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். கட்டிய வட்டியைத் திருப்பிவிடலாம். வட்டிக்குப் போய் நின்ற அந்த நாளைத் திருப்ப முடியாது. அதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் குடும்பத்திடமும் கேட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது என்று, நம் நிர்வாகக் குழு கூடி நாலு முடிவு எடுத்திருக்கிறது.

ஒன்று, கல்வி உதவி மனு எது வந்தாலும், வந்த தேதியிலிருந்து 15 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் போக வேண்டும். இல்லை என்று சொன்னாலும் பரவாயில்லை, அவர்கள் வேறு வழி பார்ப்பார்கள். பதிலே சொல்லாமல் காக்க வைப்பதுதான் அநியாயம்.

இரண்டு, மனுவைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. மாணவரையோ மாணவியையோ பெற்றோருடன் அழைத்து, என்ன படிக்கிறாய், எதற்குப் படிக்கிறாய் என்று பத்து நிமிடம் கேட்க வேண்டும். நமக்குப் புரியாத படிப்பு என்றால் புரியும் வரை கேட்க வேண்டும்.

மூன்று, கட்டணத்தோடு முடிந்துவிடாமல் ஆய்வகச் செலவு, புராஜெக்ட் செலவு, பஸ் கட்டணம் ஆகியவற்றையும் உதவியில் சேர்க்க வேண்டும். பலர் படிப்பை விடுவது இந்தச் சில்லறைச் செலவில் தடுக்கித்தான்.

நான்கு, பெண் பிள்ளைக்கு வரன் வந்திருக்கிறதா, எப்போது நிக்காஹ் என்பதை உதவி கொடுப்பதற்கான காரணமாகவோ மறுப்பதற்கான காரணமாகவோ பார்க்கக் கூடாது. அது அந்தக் குடும்பத்தின் விஷயம்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை என்ன படிக்கிறது என்று இன்று இரவு சாப்பிடும்போது கேளுங்கள். மார்க் எவ்வளவு என்று அல்ல, என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த மாதிரி உங்களுக்கும் ஒரு பாடம் கிடைக்கும். பிள்ளைகளே, பெரியவர்களுக்குப் புரியாது என்று ஒதுங்கிப் போகாதீர்கள். கடல்பாசியில் தொடங்கிச் சொன்னதால்தான் எனக்குப் புரிந்தது. நீங்களும் நம் வீட்டில், நம் வயலில் இருப்பதைக் காட்டிச் சொல்லுங்கள்.

தண்ணீர் கிடைக்காத இடத்தில் இந்த மண்ணைத் தொட்டுத்தான் தயம்மும் செய்து தொழுகிறோம். இந்த மண்ணிலிருந்துதான் படைக்கப்பட்டோம், இதற்குள்ளேதான் போய்ச் சேரப் போகிறோம். இடையில் நமக்குச் சோறு போடுவதும் இது, மருந்து கொடுத்ததும் இது. இதற்குள் என்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பார்க்கப் போகும் ஒரு பிள்ளையை நாம் தடுக்காமல் இருந்தாலே பெரிய உதவி. செலவுக்கும் கொஞ்சம் கொடுத்தால் அது ஸதகா ஜாரியா, நாம் போன பிறகும் நன்மை வந்துகொண்டிருக்கும் தர்மம்.

இன்று 15 நாள் கெடுவுக்குள் முடிவு செய்யப்பட்ட மனுக்களுக்குத்தான் இந்த மேடையில் காசோலை வழங்கப் போகிறோம். என் மேஜையில் கட்டின் அடியில் எதுவும் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் நாளை அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. நம் விவசாயிகளின் வயலிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. நோயுற்றோருக்கு ஷிஃபா அளிப்பானாக. பொறுப்பில் இருப்பவர்கள் செய்யும் தவறை அவர்களே உணர்ந்து திருத்திக்கொள்ளும் தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.